ஓர் அலையும் ஒரு பிழைதிருத்தமும்



ஆண்டு விழா மலருக்கு அறிவியற் கட்டுரை ஒன்று தர வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்தபோது, பண்டைத் தமிழரின் வானியல் அறிவு பற்றி எழுதுவதாகவே முதலில் ஒப்புக்கொண்டேன். பின்னர் மனம் மாறிற்று. ஆசிரியப் பணியில் நான் இழைத்த பிழையொன்று இவ்வாண்டு எனக்குத் தெரியவந்தது. அதனைத் திருத்துவதற்கு இம்மலரைவிடத் தகுந்த இடம் எனக்கு வாய்க்காது.

வன்னியில் 2004 முதல் 2008 வரை பௌதிக ஆசிரியனாக இருந்தேன். கடைசி ஆண்டில் எமக்குக் கட்டடம் இல்லை. இடம்பெயர்ந்து சென்ற இடங்களில் மரநிழலே வகுப்பறை. மரத்தில் சாய்த்து வைத்த பலகையே கரும்பலகை. அலைகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அதில் நான் தவறாது எழுதிய வசனம் இது: “அலைகள் பலவற்றைக் கூட்டிப் பெறும் அலை, அவற்றுள் மிக விரைவாக அதிரும் அலையைக் காட்டிலும் விரைவாக அதிர மாட்டாது.” பிள்ளைகள் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டனர். பரீட்சையிலும் எழுதினர். நானும் சரியெனக் குறியிட்டேன்.

அவ்வசனம் பிழையானது. எங்ஙனம் பிழை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை எங்கள் நாட்டுப் பாடநூல்கள் ‘மீடிறன்’ என்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘அதிர்வெண்’ என்கின்றன. நமது பள்ளியில் இரு கரைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். பெரும்பாலோர்க்குப் பழகிய ‘அதிர்வெண்’ என்ற சொல்லையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். என் நாட்டார் பொறுத்தருள்க.

பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822 இல் வெப்பம் பற்றிய தம் நூலில் வலிமை மிக்க ஒரு முறையை விளக்கினார். எத்துணைச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டுத்தொகையாகப் பிரித்து எழுதலாம் என்பது அதன் சாரம். வீணை நரம்பின் ஒலியானாலும் வானொலி அலையானாலும் இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் பிரித்தால், மிக மெதுவான பகுதி எது, மிக விரைவான பகுதி எது என்பது தெரியும். மிக விரைவான பகுதியின் அதிர்வெண்ணை உச்ச வரம்பு என்போம். நடந்து செல்லும் ஊர்வலத்தில் ஒருவரும் ஓடவில்லையெனில் ஊர்வலம் மட்டும் ஓடுமா? ஓடாது. அலைகளுக்கும் அஃதே நியாயம் என்று நான் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை வகுப்பில், கலைச்சொல்லாக்கம் பற்றிய பாடத்தின் நடுவே, மேல்வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், ஒளியின் அலைநீளத்தில் பாதியைவிடச் சிறிய பொருளை நுண்ணோக்கியால் பிரித்துப் பார்க்க முடியாது என்று பள்ளியில் படித்தோம். ஆறில் ஒரு பங்கு வரைக்கும் பார்த்துவிட்டார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் சொல்கிறான். எது சரி?” என்றாள். பள்ளியில் படித்ததே சரி என்று சற்றும் தயங்காது சொன்னேன். மரநிழலில் எழுதிய வசனத்தையே காரணமாகவும் காட்டினேன்.

அடுத்த வாரம் அவள் அண்ணன் ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தான். அதில் ஒரே ஒரு வரிக் கணக்கு. அன்றிரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பியபின், கணிப்பானை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், பத்தாம் வகுப்பு மாணவர்க்கு எட்டாதது இதில் ஏதுமில்லை. ‘க’ என்பது ஒரு கோணம்.

0.5 × கோசைன் 2க − 1.85083 × கோசைன் க + 1.35287

இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. கடைசி உறுப்பு அலையாத எண். நடு உறுப்பு 360 பாகைக்கு ஒரு முறை அலைகிறது. முதலுறுப்பு 180 பாகைக்கு ஒரு முறை அலைகிறது. மிக விரைவானது இதுவே. இது சுழியைக் கடந்தபின் மீண்டும் சுழியைத் தொட 90 பாகை செல்ல வேண்டும். ஆகவே என் வசனம் மெய்யானால், கூட்டலையும் ஏறத்தாழ அந்த நிதானத்திலேயே சுழியைக் கடக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். கோணம் 0 பாகையாயின் விடை 0.00204. பத்துப் பாகையில் சுழி. இருபதில் −0.00332. முப்பதில் மீண்டும் சுழி. எதிர்ப்பக்கத்திலும் −10, −30 பாகைகளில் அவ்வாறே. அதாவது −30 முதல் 30 வரையான சிறு இடைவெளியில் இவ்வலை 20 பாகைக்கு ஒரு முறை சுழியைக் கடக்கிறது. தன்னுள் மிக விரைவான பகுதியைவிட நாலரை மடங்கு விரைவு!

நான் மூன்று முறை கணக்கிட்டேன். மூன்று முறையும் அதே விடை. ஊர்வலத்தில் எல்லோரும் நடக்கிறார்கள். ஊர்வலத்தின் ஒரு மூலை மட்டும் ஓடுகிறது.

இவ்விந்தைக்கு ஆங்கிலத்தில் ‘சூப்பர் ஆசிலேஷன்’ என்று பெயர். தமிழில் மிகையலைவு என்று சொல்வேன். காரணம் யாதெனில், 0 பாகையில் முதலுறுப்பும் கடைசி உறுப்பும் சேர்ந்து 1.85287. அவற்றுக்கு எதிராக நிற்கும் நடு உறுப்பு 1.85083. இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சுவது 0.00204 மட்டுமே. பொற்கொல்லரின் தராசை நினைத்துப் பாருங்கள். இரு தட்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதுதான் ஒரு குன்றிமணியும் முள்ளைப் புரட்டிவிடுகிறது. அலைகளும் அவ்வாறே, அவை ஒன்றையொன்று ஏறக்குறைய முற்றாக அழிக்கும் இடத்தில், எஞ்சிய சிறு வேறுபாடே முழு அலையின் போக்கையும் தீர்மானிக்கிறது. அவ்வேறுபாடு பகுதிகளின் நிதானத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆனால் இதற்கு விலை உண்டு. அதே கணக்கில் கோணத்தை 40 ஆக்குங்கள்: 0.02187. தொண்ணூறில் 0.853. நூற்றெண்பதில் 3.7037! விரைந்து அதிரும் பகுதியின் உயரம் 0.003 அளவில் இருக்க, சற்றுத் தள்ளி அதனைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட மலை எழுந்து நிற்கிறது. ஒளியின் செறிவு அலையின் உயரத்தது வர்க்கம் ஆதலால், ஒளியாயின் இவ்வேறுபாடு பத்து இலட்சம் மடங்கைத் தாண்டிவிடும். இன்னும் சில அதிர்வுகளை அவ்விடைவெளியில் நுழைக்க முயன்றால் மலையின் உயரம் பெருக்கல் முறையில் வளரும். விரைவு வேண்டுமாயின் மங்கலை ஏற்க வேண்டும், வேறு வழியில்லை. ஃபூரியே பொய்க்கவில்லை. முழு அலையையும் எடுத்துப் பிரித்தால் அவர் சொன்ன பகுதிகளே கிடைக்கும். பொய்த்தது, ‘முழுமைக்கு உள்ள வரம்பு ஒவ்வோர் இடத்துக்கும் உண்டு’ என்று நானாகச் சேர்த்துக்கொண்ட முடிவு.

இதன் வரலாறும் சுவையானது. பல அலைபரப்பிகளைச் சேர்த்து மிகக் கூர்மையான வானொலிக் கற்றையை உண்டாக்கும் வழியை 1943 இல் ஷெல்குனோஃப் ஆராய்ந்தார். 1952 இல் இத்தாலிய அறிஞர் தொரால்டோ டி ஃபிராஞ்சா அதே எண்ணத்தை ஒளிக்குக் கொணர்ந்தார். 1988 இல் அகரோனோவ், ஆல்பர்ட், வைட்மன் என்னும் மூவர், குவாண்டம் துகள்களை மென்மையாக அளந்தால் விடை இயல்பான எல்லைக்கு வெகு அப்பாலும் வரக்கூடும் என்று காட்டினர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து மைக்கேல் பெரி 1994 இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே ‘ஃபூரியேயைவிட வேகமாக’ என்ற பொருளுடையது.

இந்தப் பெரியின் பெயரோடு நம்மவர் ஒருவரின் பெயர் இணைந்திருப்பதை இங்கு சொல்லாமல் விடலாகாது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. ராமனை அறியாதார் இலர். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராய் இருந்தபோதே, செவ்வகத் துளை வழியே செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவது பற்றி அவர் எழுதிய முதற் கட்டுரை, 1906 இல் இலண்டன் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவர்க்கு வயது பதினெட்டு. ஒளி இவ்வாறு பரவுவதே நுண்ணோக்கிக்கு எல்லை வகுப்பது என்பதை மனத்திற் கொள்க. ராமனுடைய சகோதரியின் மகன் பஞ்சரத்தினம். பெங்களூரில் மாமனின் ஆய்வுக்கழகத்தில் இருந்துகொண்டு, 1956 இல், தம் இருபத்திரண்டாம் வயதில், முனைவாக்கம் பெற்ற ஒளிக்கற்றைகள் கலக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கண்ட விதியை உலகம் முப்பது ஆண்டுகள் கவனிக்கவில்லை. பெரி 1984 இல் தாமாகவே கண்டு புகழ்பெற்ற பொதுவிதியின் ஒரு வடிவம் பஞ்சரத்தினத்தின் கட்டுரையில் ஏற்கெனவே இருந்தது. பெங்களூர் அறிஞர்கள் ராமசேஷனும் ராஜாராம் நித்தியானந்தாவும் 1986 இல் இதனை எடுத்துக்காட்டினர். பெரியும் 1987 இல் அதனை எழுத்தில் ஒப்புக்கொண்டு, பஞ்சரத்தினத்துக்கு உரிய இடத்தைத் தந்தார். அதைக் காணப் பஞ்சரத்தினம் உயிரோடு இல்லை. 1969 இல், முப்பத்தைந்து வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலமாகிவிட்டார்.

அவருடைய விதியில் ஒளியின் முனைவாக்க நிலைகள் ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறிக்கப்படும். ஒன்றையொன்று சற்றும் பாதிக்காத இரு நிலைகள் கோளத்தில் நேரெதிர்ப் புள்ளிகள். பூமியுருண்டையை வைத்து விளக்குகிறேன். துபாய்க்கு நேரெதிரான புள்ளி பசிபிக் பெருங்கடலில், டூசி என்னும் ஆளில்லாத் தீவுக்குச் சற்றுத் தெற்கே விழுகிறது. அப்புள்ளிக்கு ஒரு கிலோமீற்றர் வடக்கே நிற்கும் கப்பலுக்குத் துபாயிலிருந்து மிகக் குறுகிய வழி வடதுருவத்தின் வழியாகும். கப்பல் இரண்டு கிலோமீற்றர் தெற்கே நகர்ந்தால், மிகக் குறுகிய வழி தென்துருவத்தின் வழியாகும்! நகர்வு சிறிது; பாதை பூமியின் மறுபக்கத்துக்கே புரண்டுவிடுகிறது. ஒளியிலும் அவ்வாறே. இரு நிலைகள் ஏறத்தாழ நேரெதிராக இருக்கையில், சிறு திருப்பமும் அலையின் கட்டத்தை வெகுவாக மாற்றிவிடும். கட்டம் என்பது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதைக் குறிக்கும் சொல். அந்நிலையில் தப்பி வரும் ஒளியோ மிக மங்கலானது. மீண்டும் அதே விரைவும் அதே மங்கலும்.

நாம் வாழும் இவ்வளைகுடாக் கடலே இதற்கு ஓர் உறவினனைத் தன்னுள் வைத்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நாளுக்கு இருமுறை ஏறியிறங்கும் கடல்நீர் ஒரு நெடிய அலை. அது கரைகளில் பட்டுத் திரும்பித் தன்னோடு தானே கலக்கிறது. கலக்கும் அலைகள் ஒன்றையொன்று முற்றாக அழித்துக்கொள்ளும் புள்ளிகள் இக்கடலில் இரண்டு உள்ளன. ஒன்று வடமேற்கில், மற்றொன்று தென்பகுதியில். நாளுக்கு ஒருமுறை வரும் ஏற்றவற்றத்துக்குப் பஹ்ரைன் அருகே நடுக்கடலில் இன்னொரு புள்ளி உண்டு. அப்புள்ளியில் அவ்வலையால் நீர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அதனைச் சுற்றி ஒரு சிறு தோணியில் வலம் வந்தால், நீர் உச்சம் எய்தும் நேரம் இடத்துக்கு இடம் மாறி, ஒரு வட்டத்துக்குள் அவ்வலையின் முழுச் சுற்றுக்குரிய நேர வேறுபாடு முழுவதையும் கடந்துவிடலாம். நூற்றுக்கணக்கான மைல் நீண்ட அலை தன் எல்லாக் கட்டங்களையும் ஒரு தோணி வலம்வரும் தூரத்துள் மடித்து வைத்திருக்கிறது; அங்கு நீரின் அசைவோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. வடகடலில் இத்தகைய புள்ளி இருக்க வேண்டும் என்று 1836 இல் வில்லியம் ஹ்யூவெல் உய்த்துணர்ந்து சொன்னார்.

இவை அருமையான விதிவிலக்குகள் என்றும் எண்ண வேண்டாம். ஒரே அலைநீளமுள்ள அலைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து ஒரு தளத்தில் தாறுமாறாகக் கலந்தால், அத்தளத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மிகையலைவுடையதாக இருக்கும் என்று 2008 இல் மார்க் டென்னிஸும் அவர்தம் தோழர்களும் கணக்கிட்டுக் காட்டினர். மூன்றில் ஒரு பங்கு! லேசர் விளக்கின் ஒளியைச் சுவரில் பாய்ச்சினால் மணல் தூவியது போன்ற பொட்டுகள் தெரியும் அல்லவா? அவற்றின் இருண்ட இடுக்குகளை நோக்குங்கள். (சுவரைத்தான் நோக்க வேண்டும், விளக்கை எவர் கண்ணுக்கும் நேரே பிடிக்கலாகாது.) இத்தனை காலமும் இது நம் கண்ணில் படாமைக்குக் காரணம், நாம் எப்போதும் வெளிச்சமான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தமைதான்.

இதனால் விளையும் பயன் என்ன என்று பெற்றோர் கேட்பர். அதுவே மாணவியின் கேள்விக்கும் விடை. நுண்ணோக்கியால் அலைநீளத்தின் பாதிக்குக் கீழே பிரித்துக் காண இயலாது என்று 1873 இல் ஜெர்மானியர் அபே விதித்தார். பச்சை ஒளிக்கு இது ஏறத்தாழ 275 நானோமீற்றர். கொரோனா நுண்மியோ ஏறத்தாழ 100 நானோமீற்றரே. எலெக்ட்ரோன் நுண்ணோக்கி அதனைக் காட்டும். ஆனால் உயிருள்ள கலத்தை உயிரோடு காட்டுவது அதற்கு அரிது. ஒளிரும் சாயம் ஏற்றி எல்லையைக் கடந்தோர் 2014 இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் எல்லாப் பொருளும் சாயம் ஏற்பதில்லை. பெரியும் பொபெஸ்குவும் 2006 இல், மிகையலைவுடைய ஒளி ஓரளவு தூரம் குலையாமல் செல்லக்கூடும் என்று கணித்துக் காட்டினர். 2012 இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செலுதேவின் குழுவினர், நுண்ணிய வளையங்கள் கொண்ட ஒரு தகட்டைச் செய்தனர். வளையங்களினூடே வரும் ஒளி ஒன்றையொன்று அழித்து, நடுவில் மிகச் சிறிய பொட்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். அப்பொட்டினால் பொருளைத் தடவிப் பார்த்து, அலைநீளத்தின் ஆறில் ஒரு பங்கினும் நுண்மையாகப் பிரித்துக் கண்டனர். சாயம் தேவைப்படவில்லை. அண்ணன் சொன்னது சரி. ஆசிரியன் சொன்னது பிழை.

விலையும் உண்டென்பதை மறவாதீர். நடுப் பொட்டைச் சுற்றி அதைவிடப் பன்மடங்கு பிரகாசமான வளையம் நிற்கும்; அதனை மறைத்து விலக்குவதே இத்துறையினரின் தலைவலி. அவ்வாறே மென்மையான அளவீட்டு முறையைக் கொண்டு, 2008 இல் ஹோஸ்டனும் குவியட்டும் ஒளிக்கற்றை ஒன்றின் மிக நுண்ணிய விலகலை, ஓர் அணுவின் பருமன் அளவுக்குக் கண்டறிந்தனர். ஏறத்தாழக் குறுக்காக நிற்கும் இரு முனைவாக்கிகளுக்கு இடையே தப்பி வந்த மிகச் சிறிதளவு ஒளியே அவர்களுக்கு உதவிற்று. பஞ்சரத்தினத்தின் ஒளி எனலாம்.

செய்தி அனுப்பும் துறையில் இதனைப் பெரிதாக நம்புவோரைக் கண்டால் எச்சரியுங்கள். விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் அதிராத அலைகளைக் கொண்டே ஒரு முழு இசைநிகழ்ச்சியையும் ஒரு காலத்துண்டில் அடக்கிவிடலாம் என்பது கணிதப்படி மெய்யே. ஆனால் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் எழும் ஓசையைத் தாங்க இவ்வண்டத்தில் எந்த ஒலிபெருக்கியும் இல்லை.

இதை எழுதுகையில் சிறு வயது நினைவொன்று வருகிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்போம். சுழற்றுவது என் வேலை. செய்தி கேட்பது அப்பாவின் வேலை. சிற்றலையில் குரல் நலிந்துபோகும். என் கை சோர்ந்துவிட்டதென அப்பா கடிந்துகொள்வார். உண்மையில் வானத்தின் மேலடுக்கில் பட்டு இரு வழிகளாக வந்த அலைகள் ஒன்றையொன்று அழித்த கணங்கள் அவை. அந்நலிவின்போதே குரல் இனங்காண முடியாதபடி திரிந்து நெளியும். அதனை மிகையலைவு என்று அழைக்க நான் துணியேன். அதே குடும்பம் என்பேன்.

என்னிடம் 2004 முதல் 2008 வரை கற்றவர்கள் இன்று எந்தெந்த நாட்டிலோ இருக்கின்றனர். சிலர் இல்லை. அவர்கள் கொப்பிகளும் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. இம்மலர் கைமாறிச் சென்று அவர்களுள் எவரேனும் ஒருவர் கண்ணிற் படுமாயின், அவர் அவ்வசனத்தை அடித்துவிட்டுப் பின்வருமாறு எழுதிக்கொள்வாராக:

“அலைகள் பலவற்றைக் கூட்டிப் பெறும் அலை, அவை ஒன்றையொன்று ஏறத்தாழ அழிக்கும் இடத்தில், அவற்றுள் மிக விரைவாக அதிரும் அலையைக் காட்டிலும் விரைவாக அதிரக் கூடும். அவ்விடத்தில் அது மிக மங்கலாக இருக்கும்.”